கூப்பிட்ட குரல்

ஷட்டருக்கு உள்ளேயிருந்து 'டமால்' என்று வெடிச் சத்தம். வேடிக்கை பார்த்த கூட்டம் பின்னால் சிதறியது. ஒரு அம்மாள் மட்டும் முன்னால் ஓடினாள். பெண் போலீசார் இருவர் அவளை இழுத்து நிறுத்த வேண்டியிருந்தது.

ஜெராக்ஸ் கடைக்குள் நாலு மணி நேரமாக அடைபட்டிருந்தாள், அங்கே வேலை பார்க்கும் இருபத்திரண்டு வயதுப் பெண். அடைத்து வைத்திருந்தவன் காலையில் நகைக்கடையில் இரண்டு பேரைச் சுட்டுக் கொன்றவன். போலீஸ் துரத்தியதில் கண்ணில் பட்ட கடைக்குள் புகுந்துவிட்டான். நகலெடுக்க வந்தவர்கள் போட்டுவிட்டு ஓடிய காகிதங்கள் வாசலெல்லாம் பறந்துகொண்டிருந்தன.

கூரையைப் பார்த்துத்தான் சுட்டிருக்கிறான், உள்ளே யாருக்கும் ஒன்றுமில்லை என்று இன்ஸ்பெக்டர் சொன்ன பிறகுதான் அந்த அம்மாளுக்கு மூச்சு வந்தது.

எதிர்க்கடை டெய்லர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். "பொண்ணுக்கு ஒண்ணும் ஆகாதும்மா, குடிங்க."

அவள் தலை நிமிராமல் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

இன்ஸ்பெக்டர் மைக்கைக் கொடுத்துப் பேசச் சொன்னார். மாட்டேன் என்று தலையாட்டினாள். அவளை ஜீப்புக்குப் பின்னால் அழைத்துப் போய், வெகுநேரம் தணிந்த குரலில் பேசினார். திரும்பி வந்தவள் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"அந்தப் பொண்ணை விட்டுடுப்பா. அவளும் ஒருத்தி பெத்த பிள்ளைதானே. நீயும் துப்பாக்கியைப் போட்டுட்டு வெளிய வந்துடு சாமி."

"கொலைகாரனைப் போய் சாமிங்கிறாளே," என்றார் டெய்லர், பக்கத்து ஆளிடம். "பெத்த வயிறு, யார் கால்லயும் விழும்."

ஷட்டர் முழங்கால் உயரம் எழுந்தது. மணிக்கட்டில் ஒயர் இறுக்கிய தடத்தோடு அந்தப் பெண் தவழ்ந்து வெளியே வந்தாள். பெண் போலீசார் அவளை வாரிப் போர்த்தி, ஆம்புலன்சுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

கூட்டம் அந்த அம்மாளுக்கு வழிவிட்டது. அவள் நகரவில்லை. கண் ஷட்டரிலேயே இருந்தது. "வா... பயப்படாம வா," என்றாள் மைக்கில்.

அவன் வந்தான். வெறுங்கைகள் இரண்டும் தலைக்கு மேலே இருந்தன.

அடுத்தடுத்து இரண்டு வெடி. அவன் வாசற்படியில் குப்புற விழுந்தான்.

கூட்டத்தில் யாரோ கை தட்டினார்கள். அணைக்க மறந்த மைக்கில் அவள் குரல் தெரு முழுக்கக் கேட்டது.

"சுட மாட்டேன்னு சொல்லித்தானே சார், என் மகனை என் வாயாலயே கூப்பிட வச்சீங்க?"