புதன்கிழமைக் கால் வலி

"கால் வலியாம் சார்! இவ ஓடுற ஓட்டத்தைப் பாருங்க. பந்தயத்துல விட்டா கப்போடதான் திரும்பி வருவா!"

சூப்பர்வைசர் மேஜைக்கு முன்னால் நின்று பொரிந்து தள்ளினாள் பட்டன். அந்தத் தையல் கூடத்தில் யார் எதைத் தைக்கிறார்களோ, அதுவே அவர்களுக்குப் பெயர். பக்கத்தில் தலைகுனிந்து நின்றவள் காலர்.

"புதன்கிழமை ஆனா கால் வலிக்கு வைத்தியம்னு பாதி நாள் பர்மிஷன். மத்த நாள்ல கழிப்பறைக்கு ஓட்டம். எங்களுக்கெல்லாம் காதுல பூ சுத்துறா சார்!"

சூப்பர்வைசர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"காலர், நிஜமாவே கால் வலியா? பொய்னு தெரிஞ்சா இனிமே பர்மிஷன் கிடையாது."

காலர் சொல்லிவந்தது பொய்தான். காலில் வலியே இல்லை. சிறுநீர் அடக்க முடியாமல் முட்டிக்கொண்டு வருகிற அவஸ்தை. அதற்குப் புதன்கிழமைதோறும் ஆஸ்பத்திரியில் கணுக்காலில் மெல்லிய ஊசி குத்தி லேசாக மின்சாரம் விடுகிறார்கள். கட்டைவிரல் துடிக்கும். அந்த நரம்பு வழியாகப் போய் அது சிறுநீர்ப்பையை அமைதிப்படுத்துமாம்.

இதை நாலு பேர் முன்னால் எப்படிச் சொல்வது? ஊசி காலில்தானே என்று கால் வலி ஆக்கிவிட்டாள். இப்போதுதான் கொஞ்சம் குறைய ஆரம்பித்திருக்கிறது. நடுவில் நிறுத்தினால் பட்ட பாடெல்லாம் வீண்.

"வலி இருக்கு சார்" என்றாள், தரையைப் பார்த்து.

"பச்சைப் பொய்!" பட்டன் குதித்தாள். "நான் எப்பப் போனாலும் உள்ளே இவதான் சார். வேலைக்கு வந்ததும் போனா இவ. டீக்கு முன்னாடி போனா இவ. டீ குடிச்சிட்டுப் போனாலும் இவ. கதவைத் தட்டித் தட்டி என் கை வீங்கிப் போச்சு!"

காலர் மெல்ல நிமிர்ந்தாள்.

பட்டன் ஒரு காலை இன்னொரு காலோடு பின்னிக்கொண்டு நின்றாள். நெற்றியெல்லாம் வியர்வை. அந்த நிற்பு காலருக்கு அத்துப்படி.

'அத்தனை தடவை உனக்கு அங்கே என்ன வேலை?' என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும், பட்டனின் மானம் கப்பலேறியிருக்கும். வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

பட்டனின் காதருகே குனிந்தாள்.

"எனக்கும் அதே அவஸ்தைதான்டி. வெட்கப்படாதே. புதன்கிழமை அதுக்குத்தான் போறேன், நீயும் வா."

பட்டனின் முகம் சட்டென்று வாடியது. கண் கலங்கிவிட்டது.

"என்ன அங்கே ரகசியம்?" சூப்பர்வைசர் அதட்டினார். "முடிவா சொல்லு. இவளுக்குக் கால் வலி இருக்கா, இல்லையா?"

"இருக்கு சார். பாவம், ரொம்ப நாளா இருக்கு" என்றாள் பட்டன். "எனக்கும் அதே கால் வலிதான். வர்ற புதன்கிழமை எனக்கும் பர்மிஷன் வேணும்."

சொல்லிவிட்டுப் பதிலுக்குக்கூட நிற்காமல் கழிப்பறைப் பக்கம் ஓடினாள்.