மச்சானின் பழைய பெட்டி

"மூக்கைப் பொத்திக்குங்க சார்" என்று எச்சரித்துவிட்டுத்தான் மெக்கானிக் கம்ப்யூட்டரின் பக்கவாட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். அதன் விளிம்பில் பாதி உரிந்து தொங்கிய மெல்லிய பிளாஸ்டிக் தாளை முழுசாக உரித்துக் கூடையில் போட்டார்.

மருந்துக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். பார்த்த வேகத்தில் பின்வாங்கி, கூட வந்திருந்த மனைவியின் காலை மிதித்தார்.

உள்ளே தூசி கம்பளி மாதிரி படிந்து கிடந்தது. விசிறி இறக்கைகளில் கறுப்பாகப் பிசுக்கு ஏறியிருந்தது. அடியில் நமுத்துப்போன பிஸ்கட் தூள், செத்துக் காய்ந்த ஒரு கரப்பான், பக்கத்திலேயே அது விட்டுப்போன முட்டைக்கூடு. அதற்கெல்லாம் மேலே, மேல்மூடியின் சல்லடைத் துளை வழியாக விழுந்த நகத்துண்டுகள்.

"நகம்" என்றார் மருந்துக்கடைக்காரர். "அதுவும் கால் நகம். நல்லாப் பாத்துக்க, உன் தம்பி லட்சணத்தை."

சட்டைப்பையிலிருந்து ஸ்பிரிட் புட்டியை எடுத்து, எதையுமே தொடாத தன் கைகளை அழுந்தத் துடைத்துக்கொண்டார்.

வந்த விஷயம் சின்னதுதான். கடையை மூடிவிட்டு வந்ததும் அவர் உட்காருகிற ஒரே இடம் அந்தக் கம்ப்யூட்டர். துப்பாக்கிச் சண்டை விளையாட்டில் குறி வைக்கும் நேரம் பார்த்துத் திரை அப்படியே உறைந்து நின்றுவிடும். கூட விளையாடுகிற பொடியன்கள் அவருக்கு 'ஆமை' என்று பெயரே வைத்துவிட்டார்கள். பிராசஸரை மாற்றினால் சரியாகுமா, ஆகாதா என்று கேட்டுப் போகத்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்.

பெட்டி மச்சான் கொடுத்தது. மாமியார் வீட்டிலிருந்து புதுசாக ஒரு கைக்குட்டை வந்தாலும், "எனக்கென்ன கை கால் விளங்கலையா?" என்று திருப்பி அனுப்புகிற ரகம் அவர். "வீட்ல சும்மாதான் கெடக்குது மாமா. நீங்க எடுத்துக்கலைன்னா குப்பையிலதான் போடணும்" என்று மச்சான் கெஞ்சிய பிறகுதான் பெரிய மனசு பண்ணினார். ரிப்பேர் என்று வந்தால் இந்தக் கடைக்குத்தான் போகவேண்டும் என்று சொல்லிவைத்தவனும் அவனே.

மெக்கானிக் ஒரு பிரஷ்ஷால் தூசியை ஒதுக்கிப் பார்த்தார். "பிராசஸர் நல்லாத்தான் இருக்கு சார். காத்து போக வழியில்லாம சூடாகி நின்னுடுது. சுத்தம் பண்ணினாலே போதும்."

"எதை? இந்தச் சாக்கடையைக் கழுவி மறுபடி என் மேஜை மேல வைக்கச் சொல்றீங்களா?"

"நம்ம வீட்டுக்கு வந்தும் வருஷத்துக்கு மேல ஆகுதுங்க" என்று மனைவி மெல்ல இழுத்தாள்.

"அதனால? நம்ம வீட்ல நகத்தை வெட்டி இதுக்குள்ள போடுறது யாரு? நீயா?"

மெக்கானிக் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி பெட்டிக்குள் தலையைக் கவிழ்த்தார்.

மருந்துக்கடைக்காரர் விடுகிறவராக இல்லை. போனை எடுத்து மச்சானைக் கூப்பிட்டு, கடைக்கே கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டார்.

"மாப்ளே, நீ சோறு திங்கிற கையாலதான் இதைத் தொட்டியா? பன்னி கூட இதுக்குள்ள படுக்காது. உன் அழுக்கையெல்லாம் அள்ளிப் போட்டு, தானம் பண்ற மாதிரி என் தலையில கட்டிட்டே."

மச்சானின் குரல் தணிந்து வந்தது. "தப்புதான் மாமா. நான் பாத்துக் குடுத்திருக்கணும். புது பிராசஸரே போடச் சொல்லுங்க, நான் வாங்கித் தர்றேன். அக்காவைத் திட்டாதீங்க."

"பாத்தியா, வாயைத் திறந்து ஒத்துக்கிட்டான்" என்று மனைவியிடம் சொன்னவர், போனுக்குத் திரும்பினார். "உன் பிராசஸரும் வேண்டாம், நீயும் வேண்டாம். ஞாயித்துக்கிழமை பாப்பா பிறந்த நாளுக்கு வர்றேன்னியே, என் வீட்டுப் பக்கமே தலையைக் காட்டாத. உன்னை நினைச்சாலே எனக்கு வாந்தி வருது."

போனை வைத்துவிட்டார். மனைவிக்குக் கூடப்பிறந்தவன் என்று இருப்பது அந்த ஒருவன்தான். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பி நின்றாள். அதைப் பார்த்தும் அவருக்கு அருவருப்பு அடங்கவில்லை.

"சொல்லுங்க" என்றார் மெக்கானிக்கிடம். "இப்படி ஒரு அசிங்கம் பிடிச்சவனை வீட்ல சேர்க்கலாமா?"

மெக்கானிக் பிரஷ்ஷைக் கீழே வைத்தார். "சொல்லவே கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கியிருக்கார் சார்" என்று தயங்கினார். பிறகு சுவர்ப்பக்கம் நின்றவளை ஒரு தரம் பார்த்தார்.

"இதை அவர் தன் வீட்டுக்கே கொண்டு போகல சார். என் கடையில புதுசா வாங்கி, நேரா உங்க வீட்டுக்குத்தான் அனுப்பினார்."