பகல் முறை

அந்தப் பெண்கள் விடுதியில் யாருக்காவது காய்ச்சல் வந்தால், மற்ற மாணவிகள் முறை வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார வேண்டும். மணிக்கொரு தடவை தர்மாமீட்டர் வைத்து, கட்டிலில் தொங்கும் அட்டையில் எழுத வேண்டும். மேட்ரன் சலோமி 1930-இல் போட்ட விதி அது. அந்த வருஷம்தான் தேவகி என்ற மாணவி, எல்லோரும் பரீட்சைக்குப் போயிருந்த ஒரு பகலில், விடுதியின் நோயறையில் காய்ச்சலோடு தனியாகக் கிடந்து செத்துப்போனாள்.

மறு வருஷப் பரீட்சையன்று ஆம்பூர் மாணவி வஜீதா காய்ச்சலோடு அதே அறையில் படுத்திருந்தாள். பகல் முறைக்கு ஆள் போட சலோமி மறந்தே போனாள். நாலு மணிக்கு நினைவு வந்தது. வேலூர் வெயிலில் செருப்புகூடப் போடாமல் நோயறைக்கு ஓடினாள்.

வஜீதா வியர்த்துத் தெளிந்து உட்கார்ந்திருந்தாள். நெற்றித் துணி ஈரமாக இருந்தது. அட்டையில் பன்னிரண்டு, ஒன்று, இரண்டு, மூன்று என எல்லா மணிக்கும் சூடு எழுதியிருந்தது.

"யாரும்மா கூட இருந்தது?"

"ஒரு அக்கா. பேர் சொல்லல மேட்ரனம்மா. துணிய மாத்திக்கினே இருந்தாங்க. பரீட்சைக்குப் போவலியான்னு கேட்டேன். 'எனக்குத்தான் எழுத முடியாமப் போச்சு, நீ உடம்பு தேறி எழுது'ன்னாங்க."

மறுநாள் பகல் முறைக்கு சலோமி தன் பெயரையே எழுதினாள். கட்டிலருகே இரண்டு முக்காலி போட்டாள்.