விளையாட்டை விடு

கடைசிப் பலகையின் கடைசி ஆணியையும் தலை புதையும்வரை அடித்துவிட்டு ஞானரட்ணம் சுத்தியலைப் புல்லில் வைத்தார்.

பலகை என்றால் மரமில்லை. மரம்போல வரி போட்ட வெள்ளைப் பிளாஸ்டிக்.

அதற்குள்ளே இருந்தது சக்கரம் வைத்த வீடு. பாரிஸிலிருந்து ஒன்றரை மணி தூரத்தில், ஆற்றங்கரை விடுமுறை முகாம் ஒன்றில், எட்டாம் இலக்கம். லா சப்பல் தமிழ்க் கடைத்தெருவில் அவர் அதை 'நாட்டுப்புற மாளிகை' என்று சொல்லியிருந்தார். அதனால் சக்கரங்களையும் பலகைக்குள் மறைக்க வேண்டியதாயிற்று.

பன்னிரண்டு மணிக்கு ராதாகிருஷ்ணன் குடும்பம் வருகிறது.

மகள் யாமினியும் ராதாகிருஷ்ணனின் மகன் ஸ்ரீஹரியும் இரண்டு வருடமாக ஒருவரையொருவர் விரும்பினார்கள். மீதியைப் பெரியவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். புறநகர் ஆர்ஜொந்தெய்க்காரரான ராதாகிருஷ்ணனுக்கு நோர்மண்டியில் வில்லா இருந்தது. கைபேசியில் படம் காட்டுவார். எல்லாப் படத்திலும் கூரையில் பனி. கோடையில் அங்கே ஒருவரையும் கூப்பிட்டதில்லை. பெரிய மனிதர்கள் அப்படித்தான் என்று ஊர் விளங்கிக்கொண்டது.

அவர் வாயில் 'சம்பந்தி' என்ற சொல் இன்னும் வரவில்லை. 'மிஸ்டர் ஞானரட்ணம்' என்பதோடு சரி. வீட்டைப் பார்த்துவிட்டு மிச்சம் கதைக்கலாம் என்று தேர்த் திருவிழாக் கூட்டத்தில் வைத்துச் சொல்லியிருந்தார்.

ஞானரட்ணம் வேலைக்கு ஆள் வைக்கவில்லை. பலகையோடு வந்த தாளை வாசிக்கத் தெரிந்தவனுக்கு ஆள் எதற்கு? ரூ பஜோல் தெருவில் பலசரக்குக் கடைக்குப் பின்னால் மேசை போட்டு, இருபத்தாறு வருடமாக மற்றவர்களின் பிரெஞ்சுக் கடிதங்களை வாசித்துச் சொல்கிறவர் அவர். வாசலில் 'மொழிபெயர்ப்பாளர், ஆலோசகர், சமூக வழிகாட்டி' என்று பெயர்ப்பலகை. இடம் போதாமல் 'டி' மட்டும் சுவரில் இருந்தது.

தாளில், ஆணி அடிக்கும் படத்துக்குக் கீழே, தடித்த எழுத்தில் 'லெஸே து ஜு' என்றிருந்தது.

லெஸே என்றால் விடு. ஜு என்றால் விளையாட்டு.

"விளையாட்டை விடு," என்று மனைவிக்கு மொழிபெயர்த்தார்.

"இஞ்சாருங்கோ, ஆணியோடை ஆர் விளையாடினது?" என்றாள் கல்யாணி.

அவர் சுத்தியலை எடுத்தார். விளையாட்டை விட்டு, ஒவ்வோர் ஆணியையும் இறுக்கி அடித்தார்.

இங்கேயே பிறந்த யாமினியைக் கேட்டிருக்கலாம். தச்சு வேலையில் 'ஜு' என்றால் இளக்கம், வெயிலில் பிளாஸ்டிக் நீளும், ஆணியை இறுக்காமல் கொஞ்சம் இடம் விடச் சொல்லியிருக்கிறது என்று சொல்லியிருப்பாள். மொழிபெயர்ப்பாளர் வீட்டில் யாரையும் கேட்பதில்லை.

பதினொரு மணிக்கு முதல் சத்தம் வந்தது. டக்.

2019 யூலை. முப்பத்தெட்டுப் பாகை வெயில்.

பதினொன்றரைக்கு வாசல் பக்கச் சுவர் பொரித்த பப்படம்போல எழும்பி நின்றது. கல்யாணி உள்ளே ஓடி ஒரு சேலையைக் கொண்டுவந்து, காயப்போடுவதுபோல் குறுக்கே கட்டிப் பார்த்தாள். சேலை ஆறு யார் நீளம். சுவர் ஒன்பது.

பன்னிரண்டுக்குக் கார் வந்தது.

ராதாகிருஷ்ணன் கோட்டுடன் இறங்கினார். வணக்கம் சொல்லவில்லை. சுவரைப் பார்த்தார்.

ஞானரட்ணம் மூன்று விளக்கங்கள் தயார் செய்து வைத்திருந்தார். காற்று, ஆற்று ஈரம், வெள்ளைக்காரன் செய்த சாமான். யாமினி ஸ்ரீஹரியைப் பார்க்காமல் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

டக்.

ராதாகிருஷ்ணன் சேலையை ஒதுக்கி, வீங்கிய இடத்தில் உள்ளங்கையை வைத்தார். பலகையைப் பக்கவாட்டில் தள்ளிப் பார்த்தார். அசையவில்லை. பிறகு குந்தி, சக்கரம் இருக்க வேண்டிய இடத்தை விரலால் இரண்டு தரம் தட்டினார்.

எழும்பிக் கோட்டைக் கழற்றி மகனிடம் கொடுத்தார். மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னார்.

"சம்பந்தி, நீங்களும் தாளை வாசிச்சு விளையாட்டை விட்டிட்டியளோ?"