இன்னும் ஒரு வாய்

"எங்கப்பா இருந்திருந்தா, என்னை இப்படித் தனியா விட்டிருப்பாரா, ஐயா?"

தலையில் கட்டுடன் கட்டிலில் சாய்ந்திருந்தவள் சுவரைப் பார்த்துக் கேட்டாள். ஸ்டூலில் உட்கார்ந்திருந்த பெரியவர், கிண்ணத்தில் இருந்த சூப்பைக் கரண்டியால் கிண்டி ஆற்றிக்கொண்டிருந்தார்.

"விட்டிருக்க மாட்டார்ம்மா. ஒரு வாய் குடிங்க."

"வேணாம். நெஞ்சை அடைக்குது."

பெரியவர் கரண்டியைத் தாழ்த்தினார். காலையிலேயே நர்ஸ் கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். "இன்னிக்கும் வாய் வழியா எதுவும் போகலைன்னா மறுபடி மூக்குல ட்யூப்தான், பெரியவரே." போன தடவை ட்யூப் போட்டபோது அவள் போட்ட அலறல், வராந்தாக் கோடிவரை கேட்டது. அன்றைக்கு அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அப்பா என்ன வேலை பார்த்தாரும்மா?" என்று மெதுவாகக் கேட்டார்.

அவள் முகம் இந்தப் பக்கம் திரும்பியது.

"நூல் மில்லுல. ஷிப்ட் முடிஞ்சு வர்றப்ப தலை, புருவம், மீசை எல்லாம் பஞ்சு. உங்க தலை மாதிரியே வெள்ளை வெளேர்னு இருக்கும். அம்மா வாசல்லயே நிறுத்தி, 'கிழவா, குளிச்சிட்டு என் புருஷனை அனுப்பு'ம்பாங்க. குளிச்சிட்டு வந்தா கறுகறுன்னு ஆயிடுவார்."

அவள் சிரித்தாள். சிரிப்புக்குத் திறந்த வாயில் ஒரு கரண்டி சூப் போனது. அவளே எதிர்பார்க்காமல் விழுங்கிவிட்டாள்.

"ரொம்பக் கஷ்டப்பட்டாரோ?"

"கஷ்டம்னு அவர் வாயால சொல்லிக் கேட்டதில்ல. எவனாவது லீவு போட்டா அந்த ஷிப்டையும் இவர்தான் பார்ப்பார். ராத்திரி முழுக்க நின்னுட்டு வந்து, படுக்காம என்னைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிட்டுப் போவார். நடந்துகிட்டே தூங்குவார், ஐயா! நான்தான் கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போகணும்."

இன்னொரு கரண்டி.

"ஒருநாள் பெத்தவங்களை வரச் சொல்லியிருந்தாங்க. டீச்சர் என்னைப் பத்திப் பேசப் பேச, இவர் பெஞ்சுல உட்கார்ந்தபடியே கொர்ருன்னு குறட்டை விட்டுட்டார். கிளாஸே சிரிச்சுது. எனக்கு மானம் போச்சு. டீச்சர் என்ன பண்ணாங்க தெரியுமா? எல்லாரையும் வாயில விரலை வைக்கச் சொல்லிட்டு, அவர் எழுந்திரிக்கிற வரைக்கும் பலகையில எழுதியே பாடம் நடத்தினாங்க."

"நல்ல டீச்சர்" என்றார் பெரியவர். அடுத்த கரண்டியை நீட்டினார்.

"உங்களுக்கு எத்தனை பேஷன்டோ! என் கதையை எல்லாம் உட்கார்ந்து கேக்கறீங்களே."

"பரவாயில்லம்மா, சொல்லுங்க. ரிட்டயர் ஆனப்புறமாவது ஓய்வா இருந்தாரா?"

"எங்க? எனக்குப் பொண்ணு பொறந்தா. நான் வேலைக்குப் போகணும். 'நீ போ, நான் பார்த்துக்கறேன்'னுட்டார். பால் ஆத்தறது, தூங்க வைக்கிறது, பள்ளிக்கூடம், எல்லாம் அவர்தான். அறுந்த நூலைக் கண்ணை மூடிக்கிட்டு முடிஞ்ச கை இல்லியா, பேத்திக்குச் சடை போட்டா இரும்பு மாதிரி இருக்கும். 'தாத்தா, மண்டை வலிக்குது'ன்னு அது அழும். 'எங்க சூப்பர்வைசரே என் முடிச்சைக் குறை சொன்னதில்ல, நீ சொல்றியா?'ம்பார்."

அவள் குலுங்கிச் சிரித்தாள். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று தெரியவில்லை.

"எப்பப் போனார்னு மட்டும் ஞாபகம் வர மாட்டேங்குது, ஐயா. யோசிச்சா தலைதான் வலிக்குது. ஆனா போயிட்டார். அது நிச்சயம்."

"எப்படிம்மா அவ்வளவு நிச்சயமா?"

"உயிரோட இருந்தா இங்கதானே இருப்பார்? எனக்கு ஒண்ணுன்னா அவர் வராம இருப்பாரா?"

பெரியவர் கிண்ணத்தைச் சாய்த்து, அடியில் இருந்ததை வழித்தார்.

"இன்னும் ஒரு வாய்தாம்மா."

குழந்தை போல வாயைத் திறந்து வாங்கிக்கொண்டாள். அவர் துண்டால் அவள் கன்னத்தையும் மோவாயையும் ஒற்றிவிட்டார். சற்று நேரத்தில் கண் அயர்ந்துவிட்டாள்.

வராந்தாக் கோடியில் இருந்த குழாயில் அவர் கிண்ணத்தைக் கழுவிக்கொண்டிருந்தபோது, தோளில் பையுடன் ஒரு கல்லூரிப் பெண் மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"அம்மா சாப்பிட்டாங்களா?"

"முழுக் கிண்ணமும் காலி. ட்யூப் வேண்டாம்னு சிஸ்டர் சொல்லிட்டாங்க."

அவள் அப்படியே சுவரில் சாய்ந்து பெருமூச்சு விட்டாள். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"இன்னிக்காவது அம்மாவுக்கு உங்களை அடையாளம் தெரிஞ்சுதா, தாத்தா?"

"இல்லடா கண்ணு. அப்பன் செத்துட்டான்னுதான் இன்னும் நினைச்சிட்டிருக்கா."

"நான்தாம்மா உன் அப்பான்னு சொல்லிட வேண்டியதுதானே?"

"கண்ணு முழிச்ச அன்னிக்கே சொன்னேன். 'எங்கப்பா பேரைச் சொல்லாதீங்க'ன்னு கத்தி, தட்டைத் தள்ளிவிட்டுட்டா." பெரியவர் கிண்ணத்தைத் துடைத்துக் கவிழ்த்தார். "இருக்கட்டும்டா. அந்தச் செத்த மனுஷனைப் பத்திப் பேசப் பேசத்தான் அவளுக்கு நாலு வாய் உள்ள எறங்குது."