ரோபோவின் குரல்

அம்மாவை அடக்கம் செய்துவிட்டு வந்ததிலிருந்து சாலமோன் பேசவில்லை. சின்ன வயதிலும் அவன் அப்படித்தான். பள்ளியில் சேர்க்கும் வயது வந்தும் வாயைத் திறக்காதவன், மாமா கப்பலில் கொண்டுவந்த ரோபோ பொம்மை “ஹலோ” என்றதும் “அலோ” என்று பதில் சொன்னான். அந்த நினைப்பில்தான் அண்ணன் எட்வின் பரணிலிருந்து அந்தப் பொம்மையை இறக்கி முதுகைத் திறந்தான்.

உள்ளே பொம்மையின் குரல் பதிந்த, உள்ளங்கை அகல இசைத்தட்டும், அதன்மேல் படுத்த ஊசியும் அப்படியே இருந்தன. தட்டைச் சுழற்றும் ரப்பர் பட்டை மட்டும் உருகிப் பிசினாய் ஒட்டிக் கிடந்தது. ரப்பர் பேண்டை மாட்டினான், வழுக்கியது. சைக்கிள் ட்யூபை வளையமாக வெட்டி மாட்டினான், மோட்டார் முக்கிவிட்டு நின்றது.

“சுத்தித் தொலையேன், சனியனே!”

“புதுசு ஒண்ணு வாங்கிக் குடுத்தா என்ன?” என்றாள் அவன் மனைவி மெர்லின்.

“புதுசுல அந்தக் குரல் இருக்காதுட்டி.”

கடைசியில் பட்டையை எறிந்துவிட்டு விரலாலேயே தட்டைச் சுழற்றினான். வேகமாகச் சுழற்றினால் குரல் கீச்சிட்டது. மெல்லச் சுழற்றினால், “ஹ்ஹா... லோ...” என்று சீக்கு மாடு போல முனகியது. எரிச்சலில் எட்வினுக்குக் கண் கலங்கிவிட்டது.

மூலையில் உட்கார்ந்திருந்த சாலமோன் எழுந்து பக்கத்தில் வந்தான்.

“ஹ்ஹா... லோ...” என்றான், அதே முனகலாக.

“லேய், அப்படி இல்லலே. ஹலோ! ஹலோன்னு சொல்லு!”

சாலமோன் தலையை ஆட்டி மறுத்தான். அண்ணனின் விரலைப் பிடித்து மறுபடியும் தட்டின்மேல் வைத்தான்.