சொந்தமோ, வாடகையோ

“சங்கத்தில இதைச் சும்மா செய்து குடுக்கினம். பிறகேன் முதலாளி என்னட்ட வந்தனீங்கள்?” என்று அமிர்தநாயகம் கேட்டே விட்டார்.

யேசுதாசன் ஆயிரத்தைந்நூறு ரூபாயை மேசையில் வைத்தார். எச்சில் கையால் காகம் விரட்டாத மனிதர் என்று மன்னார்க் கடைத்தெருவில் பெயரெடுத்த கருவாட்டு வியாபாரி அவர். அப்படிப்பட்டவர் இலவசத்தை விட்டுவிட்டுக் காசு கொடுக்க வந்தால் யாருக்கும் சந்தேகம் வரத்தானே செய்யும்.

வருமான வரிப் படிவம் நிரப்ப அந்த வருடம் ஊரில் இரண்டு கம்ப்யூட்டர்கள் இருந்தன. வர்த்தகர் சங்கத்தில் இருந்தது யாரோ சீடியில் இலவசமாகக் கொடுத்த புரோகிராம். கூலிக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கும் அமிர்தநாயகத்திடம் இருந்தது கொழும்பில் காசு கொடுத்து வாங்கியது. யேசுதாசன் வருமானத்தை மறைக்கத்தான் காசுப் புரோகிராமுக்குப் போகிறார் என்று கடைத்தெரு முடிவு கட்டிவிட்டது.

உண்மையில் அவர் ஒரு சதமும் மறைக்கவில்லை. அவர் பயந்தது சங்கத்துக் கம்ப்யூட்டருக்கு முன்னால் இருந்த பிள்ளைக்கு. அவள் பெயர் சுஹறா, மஹ்மூதின் மகள்.

பதினைந்து வருடத்துக்கு முந்தி, முஸ்லிம் சனங்களை இயக்கம் ஊரைவிட்டுப் போகச் சொன்ன அந்த ஐப்பசியில், மஹ்மூது தன் கடையைப் பூட்டி, திறப்பைக் கொண்டுவந்து யேசுதாசனின் கையில் வைத்தார். தாயில்லாப் பிள்ளை சுஹறா அவர் தோளில் நித்திரை. தான் வருமட்டும் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுக் கற்பிட்டிக்கு வள்ளம் ஏறினார். அடுத்த வருடமே புத்தளம் அகதி முகாமில் மௌத்தாகிவிட்டார் என்று கேள்வி.

யேசுதாசனும் பார்த்துக்கொண்டார். முதலில் பூட்டைப் பார்த்தார். பிறகு உள்ளே நாலு கருவாட்டு மூட்டை வைத்தார். பிறகு தன் பெயர்ப்பலகையை மாட்டினார். ஷெல் விழுந்து கூரை போனபோது திருத்தியவன் நான்தானே என்று தனக்குத்தானே நியாயமும் சொல்லிக்கொண்டார். விசயம் தெரிந்த அயல் கடைக்காரர்கள் இந்தியாவுக்கு ஓடிப்போய்விட்டதால் கேட்க ஆளில்லை.

சமாதானக் காலம் வந்தது. புத்தளத்தில் சாச்சி ஒருத்தி வளர்த்த சுஹறா, சங்கத்தில் வேலை கிடைத்து மன்னாருக்குத் திரும்பி வந்தாள். வந்த கிழமையே அவருடைய கடை வாசலில் நின்று, “நல்ல வைரம் பாய்ஞ்ச கதவு. ஆர் மாமா போட்டது?” என்று சிரித்தபடி கேட்டாள்.

அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை. குத்திக் காட்டுகிறாள், நானாகவே வாயைத் திறக்கட்டும் என்று காத்திருக்கிறாள் என்று நினைத்தார். அதற்குப் பிறகு அவளைக் கண்டால் மற்றப் பக்கத்தால் போய்விடுவார். பாவசங்கீர்த்தனத்தில் சுவாமியிடம் எல்லாப் பாவத்தையும் சொல்லுவார், இதை மட்டும் விழுங்கிவிடுவார்.

காசை எடுத்துக்கொண்டு கம்ப்யூட்டரில் அடிக்கத் தொடங்கிய அமிர்தநாயகம் படிவத்தின் மூன்றாம் பக்கத்தில் நின்றுவிட்டார். கடைக் கட்டடம் சொந்தம் என்றால் காணி உறுதிப் பத்திரத்தின் இலக்கம் வேண்டும். வாடகை என்றால் சொந்தக்காரரின் பெயரும் விலாசமும் வேண்டும். இரண்டும் இல்லாமல் புரோகிராம் அடுத்த பக்கத்துக்கு நகராது. காசு கொடுத்து வாங்கியதல்லவா, எல்லாவற்றையும் தோண்டித் தோண்டிக் கேட்டது.

“உறுதியைக் கொண்டு வாங்கோ. இல்லாட்டிச் சங்கத்துக்கே போங்கோ. அதில இவ்வளவு கேள்வி இல்லை. சொந்தமோ, வாடகையோ எண்டு ரெண்டு பெட்டிதான்” என்றார் அமிர்தநாயகம்.

படிவம் அனுப்ப அடுத்த நாள்தான் கடைசித் தவணை. ஆயிரத்தைந்நூறை அமிர்தநாயகம் திருப்பிக் கொடுக்கவில்லை, யேசுதாசன் கேட்கவுமில்லை. மழையில் நனைந்துகொண்டே சங்கத்துக்கு நடந்தார்.

சுஹறா அவரைக் கண்டதும் எழும்பிக் கதிரையை இழுத்துப் போட்டாள். துடைக்கத் துவாய் கொடுத்தாள், தேத்தண்ணிக்கு ஆள் அனுப்பினாள். கருவாடு வாங்கினது, விற்றது, லொறிக் கூலி என்று ஒவ்வொன்றாகக் கேட்டு மளமளவென்று அடித்தாள். அவள் காட்டிய ஒவ்வொரு மரியாதையும் அவரைச் சுட்டது.

“கடைக் கட்டடம் சொந்தம்தானே, மாமா?”

ஓம் என்று ஒரு சொல் போதும். அவள் பெட்டியில் அடையாளம் போட்டுப் படிவத்தை அச்செடுத்துக் கையில் தந்துவிடுவாள். ஆனால் நிமிர்ந்து பார்த்த அந்த முகத்தில் மஹ்மூதின் கண் அப்படியே இருந்தது. யேசுதாசனின் வாயில் வேறு வார்த்தை வந்தது.

“இல்லைப் பிள்ளை. தெரிஞ்சுகொண்டுதானே கேக்கிறீர், எனக்கு விளங்குது. உம்மட வாப்பா திறப்பை என்ர கையிலதான் தந்திட்டுப் போனவர். நான்தான் பாவி, கடையை எடுத்து வைச்சுக்கொண்டு இருந்திட்டன். இனியும் என்னைப் பார்த்துச் சிரிச்சுச் சிரிச்சுக் கொல்லாதையும். உங்கட கடையை நீங்களே எடுங்கோ.”

சொல்லி முடித்துத் தலையைக் குனிந்துகொண்டார். ஏசப்போகிறாள், ஊரைக் கூட்டப்போகிறாள் என்று காத்திருந்தார். என்ன நடந்தாலும் பரவாயில்லை, இறக்கி வைத்தாயிற்று என்றிருந்தது.

பிறகு மெல்ல நிமிர்ந்தார். சுஹறாவின் விரல்கள் அடிப்பதை விட்டு நின்றிருந்தன. முகத்தில் கோபம் ஒன்றையும் காணவில்லை.

“எங்களுக்குக் கடை இருந்ததோ, மாமா?”